மாப்பிள்ளை மேல் தப்பில்லை

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் குதிரை தடைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டது. மாப்பிள்ளை மட்டும் அந்தப் பக்கம் போய் விழுந்தார்.

விழுந்தவர் எழுந்து, உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, ஏதோ வேண்டுமென்றே குதித்தவர் மாதிரி கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். எலும்பு எதுவும் முறியவில்லை. இடது தோள்பட்டை மட்டும் சாயங்காலத்துக்குள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் துணியை நனைத்து அவர் மனைவி ஒத்தடம் கொடுத்தபோது, கூடத்தில் வழக்கு ஆரம்பமாகிவிட்டது. தப்பு குதிரை மேலா, ஓட்டினவர் மேலா?

அவள் யார் பக்கம் பேசுவாள்? ஒத்தடம் வாங்கிக்கொண்டிருப்பவர் தாலி கட்டிய கணவர். குதிரையோ அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த பிள்ளை. பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்த குட்டி அது. அவளுக்குக் கல்யாணமாகும் முன்பே அவள் மடியில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறது. அதற்குப் போட்டிப் பட்டியலில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அவள் கூப்பிடுவது ‘சின்னவன்’ என்றுதான். "அப்போ இந்த வீட்டுல பெரியவன் யாரு?" என்று கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை கேட்டார். "அது நீங்க நடந்துக்கற விதத்தைப் பொறுத்தது" என்று அவள் சொன்னாள். அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள்.

லாயம் அவள் அண்ணனுடையது. லாயத்துக்குப் பின்னாலேயே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் இவர்கள். குதிரை ஓட்டத்தான் மாப்பிள்ளை இங்கே வேலைக்கு வந்தார். வந்த இடத்தில் முதலாளியின் தங்கையை மணந்துகொண்டதால் பதவி உயர்வு கிடைத்து மாப்பிள்ளையானார். கஷ்டமே அங்கேதான் தொடங்கியது. வேறொரு ஜாக்கியாக இருந்தால் அண்ணன் மைதானத்திலேயே நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பார். மாப்பிள்ளையை எப்படிக் கேட்பது?

"மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் அண்ணன், சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்தபடி. "குதிரை சரியில்ல. இங்க ஆயிரம் தடவை தாண்டுது, வெளிய போனா நிக்குது. வெளிய நிக்கற குதிரையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அதைத்தான் மச்சான் நானும் சொல்றேன்" என்றார் மாப்பிள்ளை. "தாண்டறதுக்கு முந்தின கடைசி எட்டுல அவன் மனசு எங்கேயோ போயிடுது. என்கிட்ட இருக்கறதில்ல."

"நீங்க அந்த எட்டுல என்ன பண்றீங்க?" என்று அவள் கேட்டாள்.

துணியைப் பிழிந்த கை கொஞ்சம் பலமாகவே தோளில் விழுந்தது போலிருக்கிறது. மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார்.

"என்ன பண்ணணும்? உக்காந்திருக்கேன்."

"அதைத்தான் கேட்டேன்."

அண்ணி குழம்புக் கரண்டியோடு நடுவில் புகுந்தாள். "சரி, சரி. பேச வாயில்லாதது ஒண்ணு லாயத்துல நிக்குது, அதைக் குத்தவாளி ஆக்கியாச்சு. சாப்பிடுங்க எல்லாரும்."

அண்ணி விளையாட்டாகச் சொன்னாளோ இல்லையோ, அதுதான் நடந்தது. மாப்பிள்ளைக்கு உள்ள மரியாதை குதிரைக்கு இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு பல் டாக்டர் வருகிறார், மகளுக்குக் குதிரை தேடுகிறார், சின்னவனைக் காட்டப் போகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார். குழாயடியில் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். தங்கை முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அன்றிலிருந்து மாடியில் பேச்சு நின்றுபோனது. சண்டை என்று சொல்ல முடியாது. "காப்பி." "ம்." "சட்டை மடிச்சு வச்சிருக்கு." "ம்." இந்த ‘ம்’ என்ற ஒற்றை எழுத்திலேயே ஒரு குடும்பத்தை நடத்திவிடலாம் என்று அவளுக்கு அந்த வாரத்தில்தான் தெரிந்தது.

ராத்திரி அவர் தூங்காமல் புரள்வது அவளுக்குக் கேட்டது. தோள் வலியா, வேறு வலியா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. குதிரையை விற்கச் சம்மதித்தவரிடம் என்ன கேட்பது?

புதன்கிழமை காலை அண்ணி கைபேசியோடு மைதானத்துக்கு வந்தாள். டாக்டருக்கு முன்கூட்டியே அனுப்ப ஒரு வீடியோ படம் வேண்டுமாம், அண்ணன் உத்தரவு. மைதானத்தின் நடுவில் உயரமான தடை ஒன்று. இரண்டு பக்கமும் தாங்கிகள், அவற்றின் மேல் வெள்ளையும் சிவப்பும் பூசிய கட்டைகள். குதிரையின் கால் இடித்தால் கட்டை விழும்; விழுந்ததை எடுத்து மறுபடி வைப்பது அவள் வேலை. அதனால் பயிற்சி நேரம் முழுக்க அவள் தடையின் இடது தாங்கியை ஒட்டியே நிற்பாள். அண்ணியும் அவள் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்தாள்.

சின்னவன் அன்றைக்குப் பறந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். வளைந்து வந்து, நிமிர்ந்து, எட்டு அளந்து, முன்னங்காலை நெஞ்சுக்குள் மடக்கி ஒரே தூக்கு. கட்டைக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவில் ஒரு முழம் காற்று. நாலைந்து முறை தாண்டினான். கட்டை அசையவே இல்லை.

"இதைப் பாத்தா டாக்டர் இன்னைக்கே வந்து அவுத்துக்கிட்டுப் போயிடுவார்" என்றாள் அண்ணி. சொன்னபிறகு, "மன்னிச்சுக்கோம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணி பாதியில் நிறுத்தி, சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"பல்லி கத்துச்சா?"

"இல்லையே."

மறுபடி போட்டாள். மறுபடி ‘டக்’ என்றது.

"படத்துக்குள்ள கத்துது பாரேன். மைதானத்துல ஏது பல்லி?"

இன்னொரு முறை பார்த்தார்கள். குதிரை வருகிறது, தடையை நெருங்குகிறது, ‘டக்’, காலைத் தூக்குகிறது. அடுத்த சுற்றிலும் வருகிறது, நெருங்குகிறது, ‘டக்’, தூக்குகிறது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சத்தம் முந்தி வந்தது, தூக்கல் பிந்தி வந்தது.

"பல்லி நல்லா நேரம் பாத்துத்தான் சொல்லுது" என்று அண்ணி சிரித்தாள். பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வெயில்."

பல்லி யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குட்டியாக இருந்தபோது பால் புட்டியைக் காட்டி, மேல்வாயில் நாக்கை ஒட்டிச் சொடுக்கி, ‘டக், வாடா’ என்று கூப்பிட்டது அவள்தான். தாவக் கற்றபோது ஒரு குச்சியைத் தரையில் போட்டு, ‘டக், தாண்டு’ என்றதும் அவள்தான். அந்தப் பழக்கம் இன்னும் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. மேலே இருப்பவருக்குக் குளம்புச் சத்தத்தில் கேட்காது. குதிரைக்குக் கேட்கும். சின்னத் தடைகளை அவன் தன்பாட்டுக்குத் தாண்டிவிடுவான். பெரிய தடை என்றால் எப்போது எழும்புவது என்று அவளைக் கேட்டுத்தான் எழும்புகிறான். போட்டி மைதானத்தில் அவள் கம்பிவேலிக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். அங்கே அவன் காத்திருப்பான், சத்தம் வராது, நின்றுவிடுவான்.

சந்தேகம் தீரவேண்டுமே. மறுநாள் பயிற்சியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவனும் அழகாகத்தான் வந்தான். தடை நெருங்கியதும் நிமிர்ந்திருந்த இரண்டு காதுகளில் இடது காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது. கடைக்குப் போகிற அம்மாவைப் பிள்ளை திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவள் வாய் திறக்கவில்லை. அவன் தடுமாறி, மிகவும் பிந்தி எழும்பி, கட்டையை மார்பால் இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். மாப்பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தார்.

"பாத்தியா?" என்றார் அவர், மூச்சு வாங்க. ‘ம்’ போக, நான்கு நாளைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு. "இதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லு."

அவள் கட்டையை எடுத்து வைத்தாள். இல்லை, நான்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் அவளுக்கு வேறொன்று புரிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். டாக்டர் கண்முன்னே குதிரை சொதப்பும். டாக்டர் காரில் ஏறிப் போய்விடுவார். சின்னவன் எங்கேயும் போகவேண்டாம். பொய் சொல்ல வேண்டியதில்லை, யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த யோசனையை அவள் சனிக்கிழமை வரை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மகளோடு மட்டும் வந்தார். நல்ல மனிதர். கைகுலுக்கும்போதே எதிராளியின் பல் வரிசையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். மகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். வந்ததும் வராததுமாக லாயத்துக்குள் போய் சின்னவனின் மூக்கைத் தடவினாள். அவனும் அவள் சட்டைப் பையை முகர்ந்தான். யாரிடமும் போகாதவன், போயும் போயும் இன்றைக்கு.

"முதல்ல எங்க மாப்பிள்ளை ஓட்டிக் காட்டுவார். அப்புறம் பாப்பா ஏறிப் பாக்கட்டும்" என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை மேலே ஏறும்போது இடது கையை ஊன்றாமல் ஏறினார். யாருக்கும் தெரியாத மாதிரிதான் ஏறினார். அவளுக்குத் தெரிந்தது. தினமும் ஒத்தடம் கொடுக்கிறவள் ஆயிற்றே.

அவள் தன் இடத்தில் நின்றாள். நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டாள். குதிரை வளைந்து திரும்பியது. குளம்படி நெருங்கியது. வியாழக்கிழமை கழுத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தவர் இன்றைக்கு எதைக் கட்டிக்கொள்வார், ஒரு கையாலா? அவர் முகம் வெளுத்திருந்தது. பயந்திருக்கிறார், ராத்திரி புரள்வதும் இதனால்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்தும் வருகிறார். சின்னவனின் இடது காது அவள் பக்கம் திரும்பியது.

‘டக்.’

அவளைக் கேட்டுக்கொண்டா நாக்கு அசைந்தது? சின்னவன் எழும்பினான். கட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் அதே ஒரு முழம் காற்று. அடுத்த சுற்றிலும் ‘டக்’. அதற்கடுத்த சுற்றிலும். டாக்டர் வாயைப் பிளந்து பார்த்தார். அந்த வேலையை மற்றவர்களுக்குக் கொடுப்பவர் அவர்.

"இதைப் போயா விக்கறீங்க?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"மனசு வரலதான்" என்றார் அண்ணன். அது உண்மைதான் என்பதால் குரல் கம்மியது.

அந்தப் பெண் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை இறங்கி அவளுக்கு ஏறக் கைகொடுக்கக் குனிந்தார். தடைப் பக்கம் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கும் ‘டக்’ போட்டுவிடலாம். நாளைக்கு அவர்கள் ஊர் மைதானத்தில் யார் போடுவார்கள்? அங்கே இந்தக் காது திரும்பிப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்களே. பல்லுக்குக் கம்பி போட்ட வாய், தடையின் அந்தப் பக்கம், மண்ணில்.

"பாப்பா, ஏறாதம்மா" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவன் இவங்க சொல்லித் தாண்டல. நான் சொல்லித் தாண்டினான்."

அண்ணன் அவளை முறைத்தார். "என்ன பேச்சு இது?"

"உண்மையைத்தான் சொல்றேன் அண்ணா. இங்க நின்னு நாக்கைத் தட்டறேன், அதுக்குத்தான் எழும்பறான். நான் தட்டலன்னா நின்னுடுவான், இல்ல இடிச்சுக்குவான். எனக்கே போன புதன்கிழமைதான் தெரியும். குட்டியில பழக்கினது. வேணும்னு பண்ணல." அவள் டாக்டரைப் பார்த்தாள். "உங்க பொண்ணை இவன் கீழ தள்ளிடுவான் சார். நான் கூடவே வந்து எல்லாத் தடையிலயும் நின்னாத்தான் உண்டு."

"அடி ஆத்தாடி, அந்தப் பல்லி நீயா?" என்றாள் அண்ணி.

டாக்டர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "எங்க, ஒரு தடவை தட்டுங்க" என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே தட்டினாள். லாயத்துப் பக்கம் திரும்பி நின்ற சின்னவன் சட்டென்று தலையைத் தூக்கினான். டாக்டர் குதிரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மேல்வரிசை நல்லா அகலமா இருக்கு, அதான் சத்தம் சுத்தமா வருது" என்றார், தொழில் மறக்காமல். பிறகு மகளின் தலைக்கவசத்தை அவரே கழற்றிவிட்டார். போகும்போது அவள் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிம்மா" என்று மட்டும் சொன்னார். மகள்தான் கார் ஜன்னல் வழியாகச் சின்னவனையே பார்த்துக்கொண்டு போனாள்.

கார் போனதும் மாப்பிள்ளை குதிரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் பின்னாலேயே போனாள்.

சேணங்கள் வைக்கிற அறையில் மர முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கடிவாளம். துடைப்பதற்காக எடுத்தவர் துடைக்கவில்லை.

"அப்போ ரெண்டு வருஷமா நான் மேல உக்காந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டார்.

"கோவமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கீழ விழாம இருந்தீங்க. அது சின்ன வேலையா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அடக்கியது பாதி அழுகையாக வந்து நின்றது.

"எனக்குத்தான் ஓட்டற கை விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "ஒவ்வொரு தடவை அவன் நிக்கறப்பவும், எனக்குள்ள இருக்கற பயம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் நிக்கறான்னு. அதை எப்படி வெளிய சொல்றது? உங்க அண்ணன் வேற, மாப்பிள்ளை மேல தப்பில்ல, மாப்பிள்ளை மேல தப்பில்லன்னு. அதுக்கு அவர் ரெண்டு அறை விட்டிருக்கலாம். அதனாலதான் பழியை அவன் மேல போட்டேன்."

அவள் கீழே உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"தப்பு என்னுதுங்க."

"முழுசா எடுத்துக்காத. எனக்கும் கொஞ்சம் வை." கடிவாளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வலியில் ‘ஸ்’ என்றார். "அவன் கடைசி எட்டுல கேக்கறான், போலாமான்னு. கேக்கறது எனக்கும் தெரியும். அவன் முதுகு சொல்லும். இங்க தானாவே தாண்டறானேன்னு நான் பதில் சொல்றதையே விட்டுட்டேன். காலால அழுத்திச் சொல்லணும், என் கால் சும்மா தொங்கும். நீ சொன்ன, அவன் கேட்டான். நான் சொல்லல, அவன் யாரைக் கேப்பான்?"

வாசலில் செருமல் கேட்டது. அண்ணன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"மாப்பிள்ளை" என்றார். "ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க மச்சான்."

"கால் சும்மா தொங்குதுன்னு எனக்கு ஆறு மாசமாத் தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒரே தங்கச்சி." அண்ணன் நிலைப்படியில் சாய்ந்தார். "இனிமே வீட்டுக்குள்ளதான் நீங்க மாப்பிள்ளை. மைதானத்துல கால் வச்சா வெறும் ஜாக்கி. நான் திட்டுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

"நாளைக்குக் காலைல இருந்து இவ மைதானத்துப் பக்கம் வரக்கூடாது. கட்டையை நானே எடுத்து வச்சுக்கறேன். அவன் இவளை மறக்கணும்." பிறகு குரலை இறக்கி, "தாண்டற நேரத்துல மட்டும்" என்றார்.

மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார். சரிதானா என்று கேட்பதுபோல. அவள் தலையை ஆட்டினாள். குதிரை எங்கும் போகவில்லை என்பதே பெரிது. ஆனாலும் சின்னவன் நின்ற பக்கத்தை விட்டு வேகமாக நடந்தாள். பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, பிள்ளை அழுகிறானா என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நடப்பதுபோல.

மறுநாள் அவள் தீவன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி ஒரு கூடை காரட்டைக் கொண்டுவந்து போட்டு, "வாய்க்கு வேலை கொடு, நாக்கு சும்மா இருக்கும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினாள். அவள் கடித்துக்கொண்டே சுவரில் காதை வைத்தாள். குளம்படி வளைந்தது, நெருங்கியது. கட்டை விழுந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

"காலு, காலு, எங்க போச்சு உங்க காலு?" என்று அண்ணன் கத்துவது கேட்டது. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கினார். "மூட்டையைக் கட்டி வச்சாக்கூட இதைவிட ஒழுங்கா உக்காந்திருக்கும்."

"லேட்டாயிடுச்சு மச்சான். என் தப்பு" என்றது மாப்பிள்ளையின் குரல். அடுத்தது குதிரையிடம், தணிந்து: "கேட்டியே, நான்தான் தூங்கிட்டேன். வா. இப்போ சொல்றேன்."

"உக்காரும்மா" என்றாள் அண்ணி. அவள் உட்கார்ந்தாள்.

மறுபடி குளம்படி வளைந்தது. அண்ணி அவள் வாயை ஒரு கையால் பொத்தினாள், சிரித்துக்கொண்டேதான். ஆனால் பொத்தின கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெருங்கியது. நெருங்கியது. பிறகு ஒரு நொடி சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

நாலு காலும் மண்ணில் இறங்கின. பின்னாலேயே கட்டை ஒன்று தாங்கியில் ஆடும் சத்தம் கேட்டது. ஆடிக்கொண்டே இருந்தது. விழுமா, நிற்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நின்றது.